பத்து இடங்கள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மலையூர் ஒன்றின் மருத்துவமனையில் பத்து மருத்துவர்களுக்கு மேற்பயிற்சி தர மாநில அரசு நிதி ஒதுக்கிவிட்டது. அதற்காக ஐந்து வருடம் சட்டமன்றப் படியேறியவள், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் டெஸ். பயிற்சித் தலைவர் டாக்டர் லோர்னா அவளைக் கட்டிக்கொண்டார்.

“உன்னாலதாம்மா நடந்துச்சு. உனக்கென்ன இதுல இவ்வளவு அக்கறை?”

“நானும் டாக்டருக்குப் படிச்சவதான். இந்தப் பயிற்சி முடிக்காம இங்க வைத்தியம் பாக்க விடமாட்டாங்க, எனக்கு இடம் கிடைக்கல. வெளிய சொன்னா, எனக்காகத்தான் கேக்கறேன்னு சொல்லுவாங்களேன்னு சொல்லல.”

“அடிப்பாவி, முதல் இடம் உனக்குத்தான். விண்ணப்பம் போடு.”

“போட்டேன் டாக்டர். உங்க ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. படிச்சு முடிச்சு மூணு வருஷம் தாண்டியிருந்தா எடுக்க மாட்டாங்களாம். நான் அலைய ஆரம்பிச்சப்ப எனக்கு ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு.”

லோர்னாவின் கை அவள் தோளிலிருந்து நழுவியது. அந்த விதியை எழுதிக் கையெழுத்திட்டவர் அவர்தான்.