இரண்டே நாற்காலி

‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்குப் பரவாயில்லை என்றுதான் பொருள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. மொழியில் இதைவிடப் பெரிய தவறு வேறு இல்லை. அந்தச் சொல்லுக்கு ‘வலிக்கிறது’, ‘சொன்னால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறாய்’, ‘ஆளை விடு’ என்றெல்லாம் பொருள் உண்டு. பரவாயில்லை என்ற பொருள் மட்டும் அநேகமாகக் கிடையாது.

பிசியோதெரபி கல்லூரியில் இதை ஒரு பாடமாகவே நடத்திவந்தார் ஆசிரியை.

“நோயாளி ‘பரவாயில்லை’ன்னு சொன்னா உங்க வேலை முடியல. அங்கதான் ஆரம்பிக்குது. இன்னொரு கேள்வி கேளுங்க. எதிர்ல உக்காந்து கேளுங்க.”

உட்காருவது அவருக்கு உயிர். நின்றுகொண்டு பேசுகிறவர் நோயாளியின் கண்ணுக்கு அதிகாரியாகத் தெரிவார் என்பது அவர் கட்சி. ஆகவே செய்முறைத் தேர்வில் அது சட்டம்: உட்காராதவர் ஃபெயில்.

தேர்வறையில் இரண்டே நாற்காலி. ஒன்று நோயாளிக்கு, ஒன்று மாணவருக்கு. தேர்வு வைப்பவர் ஓரமாக நிற்க வேண்டும். உட்கார்ந்தால் நீதிபதி மாதிரி இருக்குமாம். இதுவும் அவரே போட்ட சட்டம்தான்.

நோயாளியாக நடிக்க ஒரு நாடகக்காரரை அமர்த்தியிருந்தார்கள். வியாதி, முழங்கால் வலி. மனிதர் விந்தி விந்தி வந்து, கைப்பிடியைப் பற்றி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்த அழகில் ஆசிரியையே சொக்கிப்போனார்.

“அச்சு அசலா இருக்கு சார். இந்த நடையை எங்க புடிச்சீங்க?”

“இங்கதான் மேடம், உங்க காலேஜ் மாடிப்படியில. இவ்வளவு வலி போதுமா, இன்னும் கொஞ்சம் வலிக்கட்டுமா?”

“போதும், போதும்.”

காலையிலிருந்து மாணவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் மரியாதை தெரிந்த பிள்ளைகள். உள்ளே நுழைந்ததும், சுவரோரமாக இந்தக் காலில் ஒரு பாட்டம், அந்தக் காலில் ஒரு பாட்டம் என்று நின்றுகொண்டிருந்தவரிடம், “எப்படி இருக்கீங்க மேடம்?” என்பார்கள்.

“பரவாயில்லைப்பா” என்பார் ஆசிரியை.

உடனே அவரைத் தாண்டிப் போய் நாடகக்காரர் எதிரே உட்கார்ந்து, “உங்க வலி எனக்குப் புரியுதுங்க ஐயா” என்று குழைவார்கள். அவர் “பரவாயில்லை” என்று முனகுவார். இன்னொரு கேள்வி கேட்பார்கள். பாஸ்.

மத்தியானம் உம்மணாமூஞ்சி வந்தாள். அது வகுப்பு வைத்த பெயர். பேச்சில் சர்க்கரை கிடையாது. போன தடவை இதே தேர்வில், “வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்களேன், எதுக்குப் பரவாயில்லைன்னு பொய் சொல்றீங்க?” என்று அன்று நோயாளியாக நடித்தவரை அதட்டி ஃபெயிலானவள். இந்த முறையும் போனால் அந்த வருஷத்தையே திரும்பப் படிக்க வேண்டும். அவள் அப்பாவோ, “இனிமே ஒரு வருஷம் படிக்கவைக்க என்னால ஆகாது. தேறலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து சேரு” என்று சொல்லியிருந்தார். இது கல்லூரி முழுக்கத் தெரிந்த விஷயம்.

“எப்படி இருக்கீங்க மேடம்?”

“பரவாயில்லைம்மா. நீ ஆரம்பி.”

அவள் ஆரம்பிக்கவில்லை. ஆசிரியையை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேராகப் போய், நாடகக்காரருக்கு எதிரே கிடந்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சுவரோரம் வந்தாள்.

“என்னம்மா கூத்து இது?”

“எந்தக் கால் மேடம்? வலதா?”

“எனக்கு ஒண்ணும் இல்லை. அதோ, அவர்தான் நோயாளி. நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடு.”

“அவர் வலிக்கிற மாதிரி நடிக்கிறார். நீங்க வலிக்காத மாதிரி நடிக்கிறீங்க. அவர் நடிப்புதான் நல்லா இருக்கு.”

நாடகக்காரர் இருமினார். சிரிப்பை இருமலாக்குவது மேடையில் பழைய வித்தை.

பதில் சொல்ல ஆசிரியை வாயெடுத்தார். முழங்கால் முந்திக்கொண்டது. கைப்பிடியைப் பற்றி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாடகக்காரர் அதைத் தொழில் அக்கறையோடு கவனித்தார்.

உம்மணாமூஞ்சி நாடகக்காரரிடம் போனாள். எங்கே வலி, எப்போது கூடுகிறது, மாடி ஏறும்போதா இறங்கும்போதா, வீட்டில் யாரிடமாவது சொன்னாரா என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். நின்றுகொண்டே கேட்டாள்.

“கேள்வியெல்லாம் சரி,” என்றார் ஆசிரியை. “ஆனா நீ உக்காரலியே.”

“நாற்காலி இல்லையே மேடம்.”

“என்ன பண்றது? சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல. உனக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க.”

ஃபெயில் என்று எழுதினார். மனசு கேட்கவில்லை. வாசல்வரை போனவளைக் கூப்பிட்டார்.

“ஒரு வருஷம் போகுதே, கஷ்டமா இருக்காம்மா?”

“பரவாயில்லை மேடம்.”

“நல்ல பொண்ணு” என்ற ஆசிரியை, உட்கார்ந்தபடியே, அடுத்த மாணவிக்கு இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.