பீம்ராவ் சேர்த்த நால்வர்

“ஆணா பொண்ணான்னு சொல்லமாட்டோம். சட்டப்படி குற்றம்,” என்றாள் வரவேற்பறையில் இருந்த ஜெயஸ்ரீ.

“அத்த யாரும்மா கேட்டா? நோவு கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு,” என்றார் பீம்ராவ்.

ராயபுரத்தின் அந்தக் கருத்தரிப்பு மையத்தில், அவருக்குப் பின்னால் நான்கு இளைஞர்கள் குளித்து, தலைவாரி, சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார்கள். எல்லோருமே துறைமுகத்தில் சரக்கேற்றுபவர்கள்.

உள்ளே, மருத்துவர் மகிமாவின் எதிரில் ஜாபரும் ஜெரினாவும் அமர்ந்திருந்தார்கள். மூத்த மகள் ஷாஸியாவுக்கு இருக்கும் தலசீமியா என்ற பரம்பரை நோய், ஆய்வகத்தில் உருவான கருவுக்கும் இருக்கிறதா என்பது இன்று தெரிந்துவிடும். இருந்தால் அதைக் கருப்பையில் வைக்கமாட்டார்கள். வேறு கருவும் இல்லை.

“நீங்க அவங்களுக்கு என்ன உறவு?” என்று பீம்ராவைக் கேட்டாள் ஜெயஸ்ரீ.

“ஜாபரு நம்ம தோஸ்து.”

“தோஸ்துக்காக இத்தனை பேரா?”

“இவனுங்க நாலு பேரும் புச்சா சேந்தவனுங்க. நானே பாத்துப் பொறுக்கினது. ஒர்த்தன மாதிரி ஒர்த்தன் இருக்கமாட்டான். நேத்துலேந்து எவனும் தண்ணி போடல. இன்னாடா வல்லரசு?”

“சத்தியமா போடல நைனா. பக்கத்துல நிக்கிற இந்த ரெஜிக்கு அடிக்குமா, எனக்கு அடிக்குமான்னுதான் பேஜாரா கீது.”

காவலாளியைக் கூப்பிடலாமா என்று ஜெயஸ்ரீ யோசித்தாள்.

அதற்குள் கதவு திறந்தது. அழுகையும் சிரிப்புமாக ஜெரினா வந்தாள்; பின்னாலேயே ஜாபரும் மருத்துவரும் வந்தார்கள். “நோய் இல்லியாம்ணே! அடுத்த மாசம் வெக்கிறாங்களாம்.”

பீம்ராவ் வாய்விட்டுச் சிரித்தார். நால்வரின் முகம் மட்டும் தொங்கிப்போனது.

“நல்லாப் பாத்தீங்களா டாக்டரு? கொஞ்சங்கூடவா இல்ல?” என்று குறைப்பட்டுக்கொண்டான் வல்லரசு.

“இல்லப்பா. இருந்தா அந்தக் கருவ வெக்கவே மாட்டோம்,” என்றார் மகிமா. “இதுல உனக்கு என்ன வருத்தம்?”

ஜாபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஷாஸியாவுக்கு மாசாமாசம் ரத்தம் குடுக்கிறது பீம்ராவ் அண்ணனும் அவரு கூட்டாளிங்களுந்தான், டாக்டர். பொறக்கப்போற புள்ள இன்னா குரூப்போன்னு, இப்பவே குரூப்புக்கு ஒர்த்தனா புட்சிக்கினு வந்துட்டாரு.”