நாற்பத்திரண்டு கைகள்

“நேத்து நான் எடுத்த பாடம் மாதிரி, பள்ளிக்கூடம்னு ஒண்ணு உலகத்துல உண்டான நாள்லேருந்து எவனும் எடுத்திருக்க மாட்டான் மாமா. நாப்பத்திரண்டு பேரும் கை தூக்கினாங்க. வரிசையா ஒன்பது பேரைக் கூப்பிட்டேன். ஒன்பது பேரும் தப்பாவே சொன்னாங்க.”

அறிவியல் ஆசிரியர் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு ஆசிரியர் அவருடைய அக்காவின் கணவர். குடித்த தேநீர் மூக்கு வழியாக வெளியே வராமல் அவர் சமாளித்ததே பெரிய காரியம்.

“தப்பாச் சொல்றதுக்கா மாப்ளே பிள்ளைங்க கை தூக்கும்?”

“வீடியோ இருக்கு. வந்து பாருங்க.”

வெள்ளிக்கிழமை தோறும் பள்ளி விட்டதும் ஆய்வுக்கூடத்தின் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, யாராவது ஒருவருடைய வகுப்பை எடுத்த வீடியோவை அறிவியல், கணக்கு ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். தலைமையாசிரியை போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. குறை சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

கணக்கு ஆசிரியருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் போய் இப்படி வீடியோ காட்டிப் பயிற்சி கொடுக்க ஒருவரைத் தலைமையாசிரியை அன்றைக்குத் தேர்ந்தெடுக்கப் போகிறார். அந்தப் பதவி தனக்குத்தான் என்று இவர் மனைவியிடம் சொல்லி, மனைவி தெருவுக்குச் சொல்லி, தெரு அடுத்த ஊருக்கே சொல்லியாயிற்று.

சும்மாவா? போன வருஷம் ஏழாம் வகுப்பில் அவர் எடுத்த பின்னப் பாடத்தின் வீடியோவைப் பார்க்காத பள்ளிக்கூடம் பூமியில் பாக்கியில்லை. கேள்வி முடிவதற்குள் நாற்பத்திரண்டு கைகளும் ஒரே வீச்சில் உயரும். கூப்பிட்ட பிள்ளை ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லாது.

அதே பிள்ளைகள்தான் இப்போது எட்டாம் வகுப்பில், மைத்துனரிடம். அதே நாற்பத்திரண்டு கைகள். ஆனால் பதில் எல்லாம் தப்பு. எங்கேயோ இடிக்கிறதே.

வீடியோ ஓடியது. விதை கடுகளவு, மரமோ யானைக் கனம். அந்தக் கனமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று மைத்துனர் கேட்டார். கைகள் காடாக எழும்பின. விரித்த கை பாதி, மூடிய கை பாதி. ஊர்வலத்தில் கோஷம் போட வந்த கூட்டம் தோற்றது.

மண் என்றது ஒரு பிள்ளை. தண்ணீர் என்றது இன்னொன்று. எரு, வெயில், ஒருவன் தோட்டக்காரர் என்றே சொல்லிவிட்டான். ஒவ்வொரு தப்புக்கும் மைத்துனர் லாட்டரி விழுந்தவர் போல மலர்ந்து, ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கேட்டார். மண் என்றால் தொட்டியில் மண் குறைய வேண்டுமே என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் மடக்கினார்கள்.

பத்தாவதாக, மூன்று வருஷமாக வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, பெரும்பங்கு காற்றிலிருந்து வருமோ என்று தன்னையே நம்பாமல் கேட்டாள். அதுதான் சரியான பதில்.

எல்லோரும் கை தட்டினார்கள். கணக்கு ஆசிரியர் மட்டும் தட்டவில்லை. முதல் பெஞ்சு சூரப்புலி கூரையைத் தொடுகிற மாதிரி பத்துத் தடவை கை நீட்டியும் அவனைக் கூப்பிடவே இல்லை. பிள்ளைகளைத் தயார் பண்ணி வைத்தால் வகுப்பு எப்படி இருக்கும் என்று இவருக்குத் தெரியாததா?

“மேடம், இது ஒத்திகை பார்த்து எடுத்தது. கை தூக்கற இடத்துல நிறுத்துங்க. யார் யாரைக் கூப்பிட்டார்னு நானே காட்டறேன்.”

படம் நின்றது. கணக்கு ஆசிரியர் திரைக்குப் பக்கத்தில் போய், மைத்துனர் கூப்பிட்ட முதல் பிள்ளையின் கையை விரலால் காட்டினார். அடுத்த பிள்ளையின் கை. அதற்கடுத்த கைக்கு வந்தபோது அவர் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

“என்ன சார் பார்த்தீங்க?” என்றார் தலைமையாசிரியை.

இவர் விரல் அடுத்த மூடிய கைக்கு நகர்ந்தது. மைத்துனர் எழுந்தார். போன மாதம் தன்னுடைய இன்னொரு வகுப்பு வீடியோவை வீட்டில் நாலு தடவை போட்டுப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது என்றார். கையை விரித்துத் தூக்கும் பிள்ளைக்குப் பதில் தெரியும். மூடித் தூக்கும் பிள்ளைக்குத் தெரியாது. வகுப்பில் நிற்கும்போது ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை. அதனால் நேற்று மூடிய கைகளை மட்டும் கூப்பிட்டாராம்.

“இந்த வித்தையை இவங்களுக்கு யார் பழக்கினது?”

“கேட்டேன் மேடம். பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க. போன வருஷம் ஒரே ஒரு நாளைக்குன்னுதான் ஒருத்தர் பழக்கினாராம். அப்புறம் யாரும் நிறுத்தச் சொல்லவே இல்லையாம்.” மைத்துனர் மறந்தும் மாமா பக்கம் திரும்பவில்லை.

கணக்கு ஆசிரியரின் விரல் இப்போது கடைசி பெஞ்சுப் பெண்ணின் மூடிய கையின் மேல் இருந்தது. அதை எடுக்காமலே அவர் பேசினார்.

“மாப்பிள்ளை சொன்னது அத்தனையும் நடந்ததுதான் மேடம். நிறுத்தச் சொல்ல மறந்தது நான்தான்.”