தரையில் ஒரு மீன்முள்

கால்சா மாளிகையின் சாப்பாட்டு அறையில் கிளறா முழங்காலில் நின்று தரை துடைக்கிறாள். பண்டைய ரோமரின் விருந்துக்கூடத்தைப் பார்த்துப் பதித்த பொடிக்கல் தரை. கூட்டாமல் விட்ட எச்சில்போல் றால் கோது, நண்டுக்கால், மீன்முள், எல்லாம் கல்லில் பதித்த படங்கள். ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் கல்லிலேயே ஒரு நிழல். வேலைக்கு வந்த முதல்நாள் இவற்றை விளக்குமாற்றால் சுரண்டி, சமையல்காரி யோசப்பினைச் சிரிக்க வைத்தவள் அவள். இன்று ஒரு முள்ளின் முன் கை நின்றுவிடுகிறது. காலை வெயிலில் அதன் நிழல் மட்டும் இடப்பக்கம் விழுகிறது. தொட்டால் அசைகிறது.

“அக்கா, நேற்று இஞ்சை மீனோ சமைச்சனீங்கள்?”

“இல்லையடி, இறைச்சி. ஏன் கேக்கிறாய்?” குசினியிலிருந்து யோசப்பின்.

கிளறா முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைக்கிறாள். பாதி திறந்த பல்கணிக் கதவடியிலிருந்து, வீட்டு எசமானி சின்யோராவின் கொண்டை நிழலும் இடப்பக்கமாகவே நீண்டு, முள் அவள் கண்ணில் பட்டதா என்று பார்த்திருப்பதுபோல் அசையாமல் கிடக்கிறது.