நான்கு மொட்டைக் கடுதாசிகள்

"பேர் போடத் துப்பில்லாதவ எழுதின காகிதத்துக்காக என் பொண்ணைக் கூப்பிட்டு விசாரிக்கிறீங்களா?"

வோல்மர் உட்காரவே இல்லை. பள்ளி வாரியத்தின் உறுப்பினர். அவர் மகள் கெல்சி, எட்டாம் வகுப்பு, வாலிபால் அணித் தலைவி, பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

துணை முதல்வர் லோரெய்ன் நான்கு படிவங்களை மேஜைமேல் பரப்பினார். ஒரே வாரத்தில் புகார்ப் பெட்டியில் விழுந்தவை. நான்கிலும் ஒரே சங்கதி: கூடப் படிக்கும் ரெனாட்டாவைக் கெல்சி படாதபாடு படுத்துகிறாள்.

"பேர் இல்லாட்டியும் விசாரிச்சே ஆகணும் சார். சட்டம் அப்படி. பத்து பள்ளி நாளுக்குள்ள முடிக்கணும். முதல் புகார் வந்து இன்னிக்குப் பத்தாவது நாள்."

"எனக்கே சட்டமா? அந்த விதிக்கு ஓட்டுப் போட்டவனே நான்தான் மேடம். மொட்டைக் கடுதாசியை மட்டும் வச்சு யாரையும் தண்டிக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. பொய்ப் புகார் கொடுத்தா அஞ்சு நாள் சஸ்பெண்டுன்னும் இருக்கு. அந்தப் பக்கத்தைப் படிச்சீங்களா?"

படித்திருந்தார். அதுதான் தொல்லையே. ரெனாட்டாவை மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டாயிற்று. மூன்று முறையும் "ஒண்ணும் நடக்கல மிஸ்" என்றுதான் சொன்னாள். எப்படிச் சொல்வாள்? அவள் அப்பாவும் அம்மாவும் வேலை பார்க்கிற பன்றி இறைச்சி ஆலைக்கு வோல்மர்தான் மேலாளர். நல்ல சட்டம்தான், ஆனால் வாயைத் திறக்காத பிள்ளைக்கு எந்தச் சட்டம் வந்து பேசும்?

வோல்மர் ஒரு படிவத்தை எடுத்தார்.

"கேளுங்க. 'உடை மாத்துற அறையில, எல்லாரும் போன பிறகு, ரெனாட்டாவோட ஷூவைக் கக்கூஸ்ல போட்டா. அவ வெறுங்காலோட பஸ்ஸுக்குப் போனா.' எல்லாரும் போன பிறகாம். அப்போ அங்க இருந்தது ரெண்டே பேர். மூணாவது ஆளுக்கு எப்படித் தெரியும்? அந்த ரெனாட்டாவே எழுதியிருக்கா. பச்சப் பிள்ளைக்குக்கூட விளங்குமே."

வோல்மர் மேஜைமேலிருந்த விசாரணை அறிக்கையை லோரெய்ன் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க மேடம். ரெனாட்டா, பொய்ப் புகார், அஞ்சு நாள். உங்க வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற விஷயம் அடுத்த மாசம் எங்க வாரியத்துக்கிட்டதானே வருது?"

லோரெய்னுக்கு அது அநியாயம் என்று நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் பேனாவை எடுத்தார். ரெனாட்டாவின் பெயரை எழுதியும் விட்டார்.

"அவ எழுதல."

கெல்சிதான்.

"நீ சும்மா இரு. அப்பா பேசிக்கிட்டிருக்கேன்ல."

"அவ எழுதலப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொன்னீங்க, அங்க இருந்தது ரெண்டே பேர்னு."

வோல்மர் கையிலிருந்த படிவத்தை மறுபடி பார்த்தார். லோரெய்னின் பேனா நின்றுவிட்டது.

கெல்சி அழ ஆரம்பித்திருந்தாள்.

"நாலையும் நான்தான் எழுதினேன். அவளைப் படுத்துறத என்னால நிறுத்த முடியலப்பா. பெரியவங்க யாராவது என்னை நிறுத்துவீங்கன்னு பார்த்தேன்."