மேலிருந்து கீழ்

“இடமிருந்து வலம், ஒண்ணு. வளைஞ்ச மூக்கு, சாக்கைக் கண்டா விடாது. மூணெழுத்து.”

பேப்பரைச் சரசரவென்று மடித்துப் பிடித்துக்கொண்டு அவர் வாசித்தார். சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் மனைவி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

“கொக்கி,” என்றாள், கேள்வி முடிந்த சூட்டோடு. “கட்டம் போடுற பழைய ஆளு ராஜா, நதி, மலைன்னு கேப்பாரு. இப்ப வந்திருக்கிறவருக்கு சாக்கையும் கயித்தையும் விட்டா வேற ஒண்ணும் தெரியாது போல.”

எல்லாம் போகப் போகப் பழகிவிடுவார் என்று புது ஆளுக்குப் பரிந்து பேசிவிட்டு, அவர் பென்சிலால் எழுதினார்.

கட்டத்துக்கு ஓர் எழுத்து.

எழுத்தே அவருக்கு அப்படித்தான் வந்தது. தலை நரைத்த பிறகு, இதே மேசையில், குறுக்கெழுத்துக் கட்டங்களை வைத்து அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். கையெழுத்துப் போடும்போது இன்றைக்கும் அவர் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடுவார். வேலை செய்யும் கிடங்கில் அதை வைத்து அவரை ஓட்டுவார்கள்.

அப்புறம் அவள் கண் போனது.

இனி வராது என்று டாக்டர் சொன்ன அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். தட்டை நீட்டினாலும் திரும்பவில்லை, பிள்ளைகள் போனில் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. ஒருநாள் சாயங்காலம், என்ன செய்வதென்று தெரியாமல், அவர் ஒரு கேள்வியைத் திக்கித் திணறி எழுத்துக்கூட்டி வாசித்தார். காதால் கேட்க முடியவில்லை, ஒழுங்காகப் படியுங்கள் என்று அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். கட்டம் நின்றால் மறுபடி அந்தச் சுவர்தான். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நாட்டு நடப்பை அவர் அவளிடம்தான் கேட்டுக்கொள்வார். பகல் முழுக்க ரேடியோ அவள் காதோரம். எந்த மந்திரி எங்கே போனார், எந்தப் பாலம் எப்போது திறக்கும், எந்தப் புத்தகத்துக்குப் பரிசு, எல்லாம் விரல் நுனியில். ரேடியோவில் கட்டம் ஒன்றுதான் கிடையாது.

“அடுத்தது. வாயைத் திறந்து விழுங்கும், பசியே ஆறாது. நாலெழுத்து.”

கிடங்கு. அதுவும் உடனே வந்தது. வர வர மேலிருந்து கீழையே காணோமே என்று கேட்டுச் சிரித்தாள். பேப்பரில் இடம் பத்தவில்லை, இடமிருந்து வலம் மட்டும்தான் போடுகிறார்கள் என்று எப்போதும் போல அடித்துச் சொன்னார்.

“கடைசி. ஏத்தும்போது பல்லைக் கடிக்கணும், இறக்கினா பெருமூச்சு. மூணெழுத்து.”

மூட்டை என்று அவள் சொல்லவில்லை. கையை நீட்டி, காற்றில் துழாவி, அவர் தோளைத் தொட்டாள். சட்டை தேய்ந்து நூல் நூலாய்ப் போன இடத்தில் விரல் நின்றது.

“அந்தப் பேப்பர் நின்னுபோச்சுன்னு ரேடியோவுல போன மாசமே சொல்லிட்டாங்க.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். கையிலிருந்தது பழைய தாள். சரசரக்க வேண்டுமே என்றுதான் பிடித்திருந்தார். கேள்விகளெல்லாம் மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்கையில் அவர் கட்டியவை. வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்து, யாரைத் திட்டுகிறாய் என்று மேஸ்திரிகூடக் கேட்டிருக்கிறார். நேராக ஒரு சொல்லை வைக்கத்தான் வந்தது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்ன அவருக்குக் கைகூடவில்லை.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

சொன்னால் நிறுத்திவிடுவீர்களோ என்றுதான், என்றாள்.

அவர் சுவரைப் பார்த்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“பகல் பூரா மூட்டை தூக்குற மனுசன், ஞாயித்துக்கிழமையாவது லீவு எடுக்கட்டும்,” என்றாள். “அன்னிக்கு நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. மேலிருந்து கீழும் உண்டு.”