மடித்து வெட்டிய துணி

துணியை இரண்டாக மடித்து வெட்டினால் வலதும் இடதும் ஒன்றுபோலத்தான் வரும். கத்தரிக்கோல் பிடித்த எவருக்கும் இது தெரியும்.

தையற்காரியின் இடது மார்பில் ஊசி குத்திச் சதை எடுத்திருந்தார்கள். பயாப்ஸி முடிவைப் போனில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் கடைக்கு வந்து, தனக்கே ஒரு சட்டை வெட்டினாள்.

விரித்துப் பார்த்தால், வலது துண்டில் மார்புக்கான வளைவு இருந்தது. இடது துண்டு பலகை மாதிரி நேராக இருந்தது.

"மடிச்சுத்தானே வெட்டினீங்க, அண்ணி?" என்றாள் அடுத்த மெஷினில் இருந்த நாத்தனார்.

"உன் கண்ணு முன்னாலதானே வெட்டினேன்."

"மனசை எங்கயோ வச்சுக்கிட்டு வெட்டினா இப்படித்தான். குடுங்க இங்க."

நாத்தனார் வேறு துணியை எடுத்து மடித்தாள், குண்டூசி குத்தினாள், தானே வெட்டினாள். விரித்துப் பார்த்தால், இதிலும் இடது துண்டு நேராகத்தான் இருந்தது.

துணியை வீணாக்குவானேன் என்று தையற்காரி தான் வெட்டியதையே தைத்து முடித்தாள். கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தாள். இடதுபக்கம் பிடிக்கும், பட்டன் எட்டாது என்றுதான் நினைத்தாள். எட்டியது. ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"வேணாம் அண்ணி, கழட்டிருங்க," என்றாள் நாத்தனார்.

மேசையில் போன் அடித்தது.

"அடிக்கட்டும்," என்றாள் தையற்காரி, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு நானே தைச்சதுல இதுதான் இவ்வளவு கச்சிதமா அமைஞ்சிருக்கு."